சரிவுக் கதை: ஈசூன் 12 மாடி புளோக்கில் மின்சாரம் திரும்பவே வராவிட்டால் எது முதலில் நிற்கும்?

தாழ்வாரம் · இரவு 9:14

சமூகம் சரிந்துவிழும் நாவல் ஒன்றுக்காகக் கேட்கிறேன். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஒரு 12 மாடி புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்), 1980களில் கட்டியது. கீழ்த்தளம் போக 11 மாடி, மாடிக்கு 8 வீடு. 11ஆம் மாடியில் ஒரு குடும்பம்: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோயுள்ள பாட்டி. வெளிநாட்டிலிருந்து வரும் இயற்கை எரிவாயு நின்று மின்சாரம் போகிறது. திரும்ப வரவில்லை. போர் இல்லை, கிருமி இல்லை, வேற்றுக்கிரகம் இல்லை.

இப்போதைய வரைவு இப்படி இருக்கிறது. முதல் நாளே புளோக் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. இரண்டாம் நாள் கடைகளைச் சூறையாடுகிறார்கள். மூன்றாம் நாள் குடும்பம் வீட்டிலுள்ள பாம் ஷெல்டருக்குள் (குண்டுவீச்சுக்கான பாதுகாப்பறை) கரி அடுப்போடு போய் ஒளிந்துகொள்கிறது. கடைசியில் கூரையிலுள்ள சூரியத் தகடுகளை வைத்துப் புளோக் பிழைக்கிறது.

எங்கே உதைக்கிறது என்று சொல்லுங்கள். தயவுதாட்சண்யம் வேண்டாம்.

பம்ப்ரூம் · இரவு 9:41

நாலுமே உதைக்குது. தண்ணியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குல பொதுவா தண்ணி ரெண்டு வழியா ஏறும். கீழ்மாடிகளுக்கு ரோட்டுக் குழாயின் அழுத்தத்திலேயே நேரா வந்துடும். தரை மேடா பள்ளமாங்கிறதைப் பொறுத்து நாலு அஞ்சு மாடி வரை இப்படி. அதுக்கு மேல இருக்கிறவங்களுக்குக் கீழ்த்தொட்டியிலேர்ந்து பம்ப் ஏத்தி, கூரைத் தொட்டியில நிரப்பி, அங்கேர்ந்து இறக்கி விடணும். மின்சாரம் போனா பம்ப் நிக்கும். ரோட்டுக் குழாய் உடனே நிக்காது, ஏன்னா அதுக்குப் பின்னால மேட்டுல இருக்கிற சேமிப்புத் தொட்டிகள் புவியீர்ப்புல தள்ளிட்டிருக்கும்.

அதாவது முதல் நாள் 3ஆம் மாடியில குழாய் ஓடும், 11ஆம் மாடியில நிக்கும். கூரைத் தொட்டியில ஏறக்குறைய ஒரு நாள் புழக்கத்துக்கு இருக்கும்னு வைங்க. செய்தி பரவினதும் எல்லாரும் வாளி, அண்டா, குப்பைத்தொட்டி வரைக்கும் பிடிச்சு வைப்பாங்க. ஒரு நாள் தண்ணி ரெண்டு மூணு மணி நேரத்துல காலி. கடைசியா வர்றது தொட்டியின் அடி மண்டி, பழுப்பா வரும்.

உங்க கதைக்கு இது பெரிய வரம். உயர மாடிக்குத்தான் விலை அதிகம், காத்து, காட்சி எல்லாம். கரண்ட் போன அன்னிக்கு ராஜா 3ஆம் மாடிக்காரர்தான்.

சும்மா_வாசகன் · இரவு 9:48

3ஆம் மாடிக்காரன் இப்பவே வாட்ஸ்அப்ல இதைப் பகிர்ந்துட்டான் லா.

பம்ப்ரூம் · இரவு 10:02

கணக்கும் போட்டுடறேன். 2023ல சிங்கப்பூர்ல வீட்டுப் புழக்கம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 141 லிட்டர். நெருக்கடியில குடிக்க, சமைக்க, கொஞ்சம் கழுவ ஆளுக்கு 15 லிட்டர்னு வைங்க. அஞ்சு பேருக்கு 75. ஒரு ஆள் ஒரு தடவைக்கு 20 லிட்டர் தூக்கினா அதுவே 20 கிலோ. நாலு நடை. 11ஆம் மாடிக்குப் பத்து மாடி ஏறணும், மாடிக்குச் சுமார் 16 படி. 640 படி, வாளியோட, விளக்கில்லாத படிக்கட்டுல, தினமும். கணவன்தான் தூக்குறான்னு எழுதினா நாலாம் நாள் அவன் முழங்கால் என்ன ஆகும்னும் எழுதுங்க. படியில சிந்தின தண்ணியில முதல்ல யார் வழுக்கி விழறாங்கங்கிறதும் ஒரு அத்தியாயம்.

மின்தூக்கி: இப்போ பலதுல மின்தடை மீட்புக் கருவி உண்டு. பேட்டரியில பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துட்டு நின்னுடும். அது இல்லாததோ, பேட்டரி செத்ததோ இருந்தா ஆள் மாட்டுவாங்க. நகர மன்ற அவசர எண்ணுக்கு அடிச்சா ஆள் வரும், ஆனா ஒரே நேரத்துல எத்தனை புளோக்? வெளியாட்கள் கதவை நெம்பித் திறக்கிறதா காட்டுவீங்கன்னா ஒண்ணு ஞாபகம் வைங்க. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்ன மின்தூக்கியிலேர்ந்து குதிக்கிறவங்க தவறினா மின்தூக்கிக்கு அடியில இருக்கிற இடைவெளி வழியா நேரா குழிக்குள்ள போவாங்க. மாட்டினவங்க சாகிறதில்ல, அவசரமா வெளிய வர்றவங்கதான் சாகிறாங்க.

கூரைத்தகடு · இரவு 10:20

> கடைசியில் கூரையிலுள்ள சூரியத் தகடுகளை வைத்துப் புளோக் பிழைக்கிறது

பிழைக்காது. வீவக கூரைத் தகடுகள் மின்கட்டமைப்போடு இணைந்தவை. கட்டமைப்பில் மின்சாரம் போனால், தகட்டின் மின்சாரத்தைக் கட்டட மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும். பழுது பார்க்கிறவர் இறந்த கம்பி என்று நினைத்துத் தொடும்போது நம் கூரையிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. வெயில் கொளுத்தும், தகடு மின்னும், உள்ளே ஒரு விளக்கும் எரியாது. இந்தக் காட்சியை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கதாபாத்திரத்துக்குக் கொஞ்சம் கைவேலை தெரியும் என்றால் ஒரு தகட்டை மட்டும் கழற்றலாம். ஆனால் தகடுகள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒரு தகடு சுமார் 40 வோல்ட், இருபது கோத்தால் 800 வோல்ட் நேர்மின்னோட்டம். பகலில் ஓடிக்கொண்டிருக்கும் வரிசையின் இணைப்பியைப் பிடுங்கினால் தீப்பொறி வில்லாக நீளும், மாறுமின்னோட்டம் போலத் தானாக அணையாது. இருட்டிய பிறகு கழற்ற வேண்டும்.

கழற்றிய 400 வாட் தகட்டை நேராக கார் பேட்டரியில் கட்டினால் பேட்டரி கொதித்துவிடும். நடுவில் மின்னேற்றக் கட்டுப்படுத்தி வேண்டும். மலிவான வகை என்றால் தகட்டை பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும்; 10 ஆம்பியர், அதாவது 130 வாட்தான் கிடைக்கும், மிச்சம் வீண். நல்ல வகை கிடைத்தால் இங்குள்ள மேகமூட்டத்தோடு ஒரு நாளைக்கு ஒன்றேகால் யூனிட் அளவுக்கு எதிர்பார்க்கலாம். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் சில வாரங்களில் செத்துவிடும், ஆக 600 வாட்-மணிதான் கணக்கு. ஒரு சின்ன 12 வோல்ட் குளிர்பெட்டியும் பத்துப் பன்னிரண்டு கைப்பேசிகளும். 88 வீட்டுக்கு அதுதான். அந்தக் குளிர்பெட்டிக்குள் யாருடைய பொருள் போகும் என்பதில் உங்கள் நாவலின் நடுப்பகுதி இருக்கிறது.

இன்னொன்று, ஒரே இரவில் நிரந்தர இருட்டு வராது. மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது என்பது உண்மை. 2004 ஜூன் 29 அன்று இந்தோனீசியாவின் நத்துனாவிலிருந்து வரும் எரிவாயுவில் தடங்கல் ஏற்பட்டு நாட்டின் பல பகுதிகள் இருண்டன. ஆனால் 2013லிருந்து ஜூரோங் தீவில் திரவ எரிவாயு முனையம் இருக்கிறது, மின்னிலையங்கள் மாற்று எரிபொருளும் வைத்திருக்க வேண்டும். ஆகவே சுழற்சி முறை மின்வெட்டிலிருந்து தொடங்குங்கள். முதலில் நாளுக்கு நான்கு மணி நேரம், பிறகு எட்டு. மின்சாரம் வரும் நேரத்தில் பம்ப் ஓடிக் கூரைத் தொட்டி நிரம்பும். மக்கள் அந்த நேரத்துக்குப் பழகிக்கொள்வார்கள். பழகிய பிறகு ஒரு நாள் வராமல் போகட்டும்.

தாழ்வாரம் · இரவு 10:31

அருமை. பாம் ஷெல்டர் காட்சி?

சைரன்1820 · இரவு 10:44

1980களில் கட்டிய புளோக்கில் வீட்டுக்குள் பாதுகாப்பறை கிடையாது. புதிய வீடுகளுக்கு அது கட்டாயமானது 1998இல். ஒன்று புளோக்கை மாற்றுங்கள், இல்லை அறையை எடுத்துவிடுங்கள்.

மாற்றினாலும் கரி அடுப்பு கூடாது. தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, சன்னல் இல்லை, காற்றுக்கு இரண்டு துளை. துளைகளை மூடிக் கதவையும் அடைத்தால் உள்ளே சுமார் 5 கன மீட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். ஐந்து பேருக்கு 100 லிட்டர், அதாவது மணிக்கு 2 விழுக்காடு ஏறும். இரண்டாம் மணி நேரத்தில் தலைவலியும் மூச்சிரைப்பும். கரி அடுப்பு இருந்தால் அதற்கும் முன்னால் கார்பன் மோனாக்சைடு முடித்துவிடும். அதற்கு வாடையும் இல்லை, இருமலும் வராது. உங்கள் குடும்பம் நாலாம் அத்தியாயத்திலேயே தூக்கத்தில் போய்ச் சேரும்.

பாதுகாப்பறைக்கு உருப்படியான வேலை உண்டு. பூட்டக்கூடிய, எலி நுழையாத, வெயில் படாத ஸ்டோர் ரூம் அது. அரிசி அங்கேதான் இருக்கும். அதன் சாவி யார் கையில் என்பது வேறு கதை.

பழைய_சுவடி · இரவு 11:05

சூறையாடல் பற்றி. இந்தத் தீவு ஒருமுறை சரிந்திருக்கிறது, கற்பனையே தேவையில்லை. 1942 ஜனவரி 31 அன்று பிரிட்டிஷார் ஜோகூர் பாலத்தைத் தகர்த்தார்கள், அதோடு ஜோகூர் தண்ணீர்க் குழாயும் போயிற்று. பிப்ரவரியில் நீர்த்தேக்கங்கள் ஜப்பானியர் கைக்குப் போன பிறகும் நகரத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. தட்டுப்பாட்டுக்குக் காரணம் குண்டுவீச்சில் உடைந்த குழாய்கள். வந்த தண்ணீரில் பெரும்பகுதி தெருவிலேயே ஓடி வீணானது. பிப்ரவரி 15 அன்று சரணடைந்தார்கள். எதிரி குழாயை மூடவில்லை, குழாயைச் சரிசெய்ய ஆளும் நேரமும் இல்லாமல் போனது. உங்கள் நாவலுக்கு இந்தக் காரணம் பொருந்தும்.

சரணடைவதற்கு முந்தைய நாட்களில் சூறையாடல் நடந்தது. பின்பு ஜப்பானியர் கொள்ளையரின் தலைகளைப் பொது இடங்களில் வைத்தார்கள், சூறை நின்றது. பசி நிற்கவில்லை. அரிசிப் பங்கீடு சுருங்கச் சுருங்க மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சாப்பாடாயின. ஜப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டு முதலில் வரிசை எண்ணோடு வந்தது, பின்பு எண்ணே இல்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். எண் இல்லாத நோட்டைப் பார்த்ததும் கடைக்காரர் பொருளை மேசைக்கு அடியில் வைத்துவிடுவார். சரிவைக் காட்ட இதைவிடச் சிறிய பொருள் கிடைக்காது.

1963 ஏப்ரலிலிருந்து 1964 பிப்ரவரி வரை வறட்சியால் தண்ணீர்ப் பங்கீடு இருந்தது, பத்து மாதம். அப்போது சமூகம் சரியவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சைரன்1820 · இரவு 11:19

இதோடு ஒத்துப்போகிறேன், ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். இங்கே சரிவு வரிசையில் நின்றுதான் வரும். 2020 பிப்ரவரி 7 அன்று கொவிட் கிருமி எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்குப் போனது. அன்று மாலையே அரிசி, மீ (நூடல்ஸ்), கழிவறைத் தாள் அலமாரிகள் காலி. ஆனால் எல்லோரும் காசு கொடுத்து, வரிசையில் நின்று, வண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் கேலாங் சிராய், சோங் பாங் ஈரச்சந்தைகளில் அடையாள அட்டையின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து நாள் ஒதுக்கினார்கள். சோங் பாங் ஈசூனில்தான் இருக்கிறது, உங்கள் புளோக்கிலிருந்து நடக்கும் தூரம்.

எனவே துப்பாக்கிக்குப் பதில் பட்டியல். வசிப்போர் குழுவில் யாரோ ஒருவர் கீழ்த்தளத்துச் சதுரங்க மேசையில் உட்கார்ந்து, கையால் எழுதிய ஏட்டில் பெயர் சேர்ப்பார். கைப்பேசியிலுள்ள மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் திறக்காது, கைப்பேசி செத்துவிட்டது, ஆகவே பிளாஸ்டிக் அட்டை வைத்திருப்பவர் மட்டுமே ஆள். வேலை அனுமதி அட்டைக்காரர், வாடகை அறையில் இருப்பவர், நேற்று மகன் வீட்டுக்கு வந்து தங்கிய தாத்தா, இவர்கள் பெயர் ஏட்டில் ஏறுமா? பயங்கரம் அங்கே இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக நடக்கும், அதுதான் பயமே.

வரிவரியா · இரவு 11:27

இதை மறுக்கிறேன். அரசு தானாக நடந்துகொண்டே இருக்கும் என்று எழுதினால் அது நையாண்டி, சரிவு நாவல் ஆகாது. மூன்று வாரத்துக்குச் சம்பளம் இல்லை, வீட்டில் பிள்ளைக்குத் தண்ணீர் இல்லை என்றால் அந்த ஏடு வைத்திருப்பவரும் வேலைக்கு வரமாட்டார். ஏடு எந்த நாள் காணாமல் போகிறது, அதற்குப் பதில் யார் புதிய ஏடு தொடங்குகிறார்கள்? கதை அந்த மாற்றத்தில் இருக்கிறது.

சைரன்1820 · இரவு 11:33

வருவார். ஏடு வைத்திருப்பவருக்கு முதல் வாளி. அதனால்தான் வருவார்.

மருந்துச்சீட்டு · இரவு 11:50

பாட்டியைப் பற்றி யாருமே பேசலையே.

எழுத்தாளர்கள் எப்பவும் இன்சுலின் தீர்ந்து பாட்டி இறந்துபோறதா எழுதுவாங்க. திறக்காத இன்சுலின் 2லிருந்து 8 டிகிரியில இருக்கணும், வெளியில வச்சா 30 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய 28 நாள். ஏர்கான் ஓடாத வீடு பகல்ல 31, 32 போகும். மண்பானைக்குள்ள பானை வச்சு ஈரமணல் போட்டுக் குளிர்விக்கிற உத்தி வறண்ட ஊருக்குச் சரி. இங்க ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கு, தண்ணி சுலபமா ஆவியாக மாட்டேங்குது, கொஞ்சம்தான் குறையும். கூரைத்தகடு சொன்ன குளிர்பெட்டிக்கு இதுதான் வேலை.

ஆனா வயசான, இரண்டாம் வகை நீரிழிவுக்காரங்களுக்கு முதல் ஆபத்து மருந்து தீர்றதில்ல. சாப்பாடு பாதியாகும், பத்து மாடி ஏறி இறங்குவாங்க, மருந்தை மட்டும் பழைய அளவிலேயே போட்டுக்குவாங்க. கிளிபிசைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ, விளைவு குறை சர்க்கரை. விடிகாலையில வியர்வை, நடுக்கம், உளறல், பிறகு மயக்கம். மருந்து இருக்கும்போதே போயிடுவாங்க. குடும்பம் "அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிடுச்சு"ன்னு நினைச்சு இன்னொரு ஊசி போடுற காட்சி நடக்கக்கூடியதுதான்.

இதே புளோக்குல சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போறவர் ஒருத்தராவது இருப்பார். வாரம் மூணு தடவை, ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், நிமிஷத்துக்கு அரை லிட்டர் சுத்த நீர்க் கரைசல். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு 120 லிட்டர், வடிகட்டுறதுல வீணாகிறது தனி. சுத்திகரிப்பு நின்னா பெரும்பாலும் ஒரு வாரம், ரெண்டு வாரம். பொட்டாசியம் ஏறி இதயம் நிக்கும். இரக்கப்பட்டு அண்டை வீட்டுக்காரங்க கொண்டுவந்து குடுக்கிற இளநீரும் வாழைப்பழமும் அதை இன்னும் சீக்கிரமாக்கும்.

பத்தாம் நாள் வாக்கில டெங்கி. எல்லா வீட்டுலயும் திறந்த வாளி, அண்டா. ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலேர்ந்து பறக்க ஒரு வாரம் போதும். சோதனைக்கு ஆள் வராத, புகை அடிக்காத ஊரை நினைச்சுப் பாருங்க. எல்லாம் இயங்கின 2020லயே 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. துணி போட்டு இறுக்கிக் கட்டணும், சும்மா தட்டு மூடினா விளிம்பு வழியா போயிடும்.

தாழ்வாரம் · இரவு 11:58

அக்கா, அழுக்குத் தண்ணீரைக் குடிக்கும் அளவுக்கு எப்படித் தேற்றுவார்கள்? கொதிக்க வைத்தால் போதுமா?

மருந்துச்சீட்டு · நள்ளிரவு 12:10

தளதளன்னு கொதி வந்து ஒரு நிமிஷம் போதும். எரிபொருள் மிச்சம் பண்ணணும்னா வாசனை சேர்க்காத, 5, 6 விழுக்காட்டு வெளுப்புத் திரவம் (பிளீச்), லிட்டருக்கு 2 சொட்டு, கலங்கலா இருந்தா 4. அரை மணி நேரம் விட்டு முகர்ந்தா லேசா வாடை வரணும், வரலைன்னா இன்னொரு தடவை. எலுமிச்சை வாசனை பாட்டில் ஆகாது. நம்ம வெக்கையில வருஷக்கணக்கா கிடந்த பாட்டில் பாதி வலு இழந்திருக்கும். அமிலக் கழிவறைத் திரவத்தோட கலந்தா குளோரின் வாயு வரும், சின்னக் கழிவறையில அது கொல்லும். லோங்காங் (சாக்கடை) தண்ணியில எண்ணெயும் ரசாயனமும் இருந்தா கொதிச்சாலும் போகாது.

பம்ப்ரூம் · நள்ளிரவு 12:22

மழைத் தண்ணி இருக்கே. ஒரு சதுர மீட்டர்ல 10 மில்லிமீட்டர் மழை பெய்தா 10 லிட்டர். புளோக் கூரை ஆயிரம் சதுர மீட்டர்னா ஒரே மழையில 10,000. கூரைக் கதவு பூட்டியிருக்கும், ஏற வேண்டியதே இல்ல. மழைநீர்க் குழாய் கீழ்த்தளத்துல சாக்கடைக்குள்ள இறங்குற இடத்துல அறுத்துட்டு பீப்பாய் வச்சா போதும். முதல் பத்து நிமிஷத் தண்ணியை விட்டுடணும், புறா எச்சம்.

கழிவறையும் எழுதுங்க, யாரும் எழுத மாட்டாங்க. முழுசா கழுவ 4, 5 லிட்டரை ஒரே ஊத்தா ஊத்தணும். கஞ்சத்தனமா ஒரு குவளை ஊத்தினா திடக்கழிவு நிலைக்குழாயில காஞ்சு ஒட்டிக்கும். அடைச்சா 2ஆம் மாடி வீட்டுக் குளியலறையில பொங்கும். இது வீட்டு அளவு. நாட்டளவுல, கிராஞ்சியிலேர்ந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் ஆழ்சுரங்கத்துல கழிவுநீர் சரிவுல தானா ஓடும். சாங்கியில அதை ஆழத்திலேர்ந்து பம்ப் போட்டு மேல ஏத்தணும். அந்த பம்ப் நின்னா சுரங்கம் மெதுவா நிரம்பி, தாழ்வான இடத்து மூடிகள் வழியா வெளிய வரும். ஆகவே தண்ணிப் பிரச்சினையில ராஜாவா இருந்த கீழ்மாடிக்காரங்க இதுல முதல்ல மாட்டுவாங்க. சமன் ஆயிடுச்சு பாருங்க.

சும்மா_வாசகன் · நள்ளிரவு 12:25

3ஆம் மாடிக்காரன் வாட்ஸ்அப் செய்தியை அழிச்சுட்டான்.

பழைய_சுவடி · நள்ளிரவு 12:40

சாப்பாட்டுக்கு ஒரு குறிப்பு. 10 கிலோ அரிசி மூட்டை, ஆளுக்கு நாளைக்கு 300 கிராம், ஐந்து பேர்: ஆறரை நாள். 300 கிராம் அரிசியில் ஆயிரம் கலோரிக்குச் சற்று அதிகம், 20 கிலோ வாளி தூக்குகிறவருக்கு அது பாதிகூட இல்லை. 12.7 கிலோ சிலிண்டர் இருக்கும் வீடு அதிர்ஷ்டசாலி. ஓர் அடுப்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 200 கிராம் தின்னும், நாளைக்கு ஒரு மணி நேரம் எரித்தால் இரண்டு மாதம். குழாய் எரிவாயுவில் சமைப்பவர் ஏற்கெனவே தோற்றவர், ஏனென்றால் அதுவும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் இங்கே தயாராகிறது. மின்காந்த அடுப்புக்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பொன்னி புழுங்கல் அரிசி நேரம் எடுக்கும். இரவே ஊறவைத்து, ஒரு கொதி விட்டு, போர்வையில் சுற்றி மூடிவைத்தால் தானாக வெந்துவிடும். அவலுக்குத் தீயே வேண்டாம். உங்கள் பாட்டிக்கு இது தெரிந்திருக்கும், பேரனுக்குத் தெரிந்திருக்காது.

காக்கி_விளக்கு · நள்ளிரவு 1:03

இவ்வளவு நேரம் பேசியிருக்கிறீர்கள், வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதி என்ற சொல்லே வரவில்லை. தமிழில் எழுதும் சிங்கப்பூர் நாவலில் அது இல்லாமல் எப்படி?

பம்ப் மோட்டாரைப் பிரித்துப் பூட்டுபவர், இரும்புக் குழாயை வெட்டிப் பற்றவைப்பவர், சாரம் கட்டுபவர், மின்கம்பி இழுப்பவர், ஜெனரேட்டர் ஓட்டுபவர் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைக்காரர்கள். பம்ப்ரூம் சொன்ன அத்தனை வேலையையும் உங்கள் 88 வீட்டில் செய்யத் தெரிந்தவர் இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

ஆனால் விடுதி எல்லோருக்கும் முன்னால் பட்டினியாகும். பெரும்பாலோருக்குச் சாப்பாடு வெளியிலிருந்து பொட்டலமாக வருகிறது, மதியச் சாப்பாடும் விடிகாலையிலேயே வந்துவிடும். சமையல்கூடத்துக்கு எரிவாயு நின்றால் மறுநாள் காலையே ஒன்றும் இருக்காது. அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், அரிசி சேர்த்து வைக்க இடமில்லை. 2020 ஏப்ரலில் விடுதிகளைத் தனிமைப்படுத்தியபோது வாசலைப் பூட்டினாலும் உணவும் இணையமும் உள்ளே போயின. இந்தக் கதையில் வாசல் பூட்டு மட்டும் இருக்கும்.

சைரன்1820 சொன்ன ஏட்டில் ஏறாத பெயர்கள் இவர்களுடையவை. புளோக்குக்கு அவர்கள் கை வேண்டும், அவர்களுக்குப் புளோக்கின் தண்ணீர் வேண்டும். பேரம் நடக்கட்டும். தயவுசெய்து "நன்றியுள்ள அண்ணன்" பாத்திரம் மட்டும் வேண்டாம். பம்பை ஓட்டுகிறவர் கூலி கேட்பார், கேட்க வேண்டும்.

வரிவரியா · நள்ளிரவு 1:15

நாவல் இப்போதுதான் தொடங்குகிறது. தாழ்வாரம், மேலே வந்த எல்லாக் குழாயையும் உள்ளே திணித்தால் அது நகர மன்றப் பராமரிப்புக் கையேடு ஆகிவிடும். தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள், குளிர்பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை ஒரு வரியில் கடந்து போங்கள். ஒரே ஒரு இயந்திரம், அதைச் சுற்றி ஏழெட்டு மனிதர்கள். பம்ப்ரூம், 11ஆம் மாடிக்குத் தண்ணீர் ஏற்ற வேறு வழியே இல்லையா?

பம்ப்ரூம் · நள்ளிரவு 1:34

இருக்கு. உலர் தீயணைப்புக் குழாய்.

உயரமான புளோக்குல படிக்கட்டு ஓரமா சிவப்புக் குழாய் மேல வரைக்கும் போகும். உள்ளே தண்ணி இருக்காது. தீயணைப்பு வண்டி வந்தா கீழே இருக்கிற நுழைவாயில இணைச்சு அழுத்தும், ஒவ்வொரு மாடியிலயும் ஒரு வால்வு. கட்டுமான இடத்திலேர்ந்து பெட்ரோல்ல ஓடுற தண்ணி பம்ப் கொண்டுவந்து அதே வாயில இணைச்சா தண்ணி ஏறும்.

எங்க கெடும்னா: 12 மாடி உயரம் சுமார் 34 மீட்டர், அதுக்கே 3.4 பார் வேணும், உரசல் இழப்பு தனி. சாதாரண ரெண்டு அங்குல பம்ப் பெரும்பாலும் 30 மீட்டர்ல மூச்சு நிக்கும், ஓட்டத்தோட கணக்குப் பார்த்தா ஆறாம் மாடிதான். தீயணைப்பு வகை, 60 மீட்டருக்கு மேல தள்ளுற பம்ப் வேணும். 100 மில்லிமீட்டர் குழாய் நிரம்பவே 270 லிட்டர் போகும். முதல்ல துரு வரும், குடிக்க ஆகாது. வால்வுகளுக்குப் பூட்டு போட்டிருப்பாங்க, பித்தளைத் திருட்டுக்குப் பயந்து. இன்னொண்ணு, இதைத் தண்ணிக்குப் பயன்படுத்துற புளோக்குல மெழுகுவத்தி சாய்ஞ்சு தீப்பிடிச்சா, எந்த வால்வு திறந்திருக்கு எது மூடியிருக்குன்னு யாருக்கும் தெரியாது.

தாழ்வாரம் · நள்ளிரவு 1:41

11ஆம் மாடியில் வாளியோடு நிற்கிறார்கள். 3ஆம் மாடியில் ஒருவர் ரகசியமாக வால்வைத் திறந்துவிடுகிறார். மேலே என்ன தெரியும்?

பம்ப்ரூம் · நள்ளிரவு 1:52

குழாய் நிரம்ப நிரம்ப மேல் வால்வு வழியா காத்து சீறும். கீழே திறந்ததும் சீறல் நின்னுடும், தண்ணி வராது, அவ்வளவுதான். ஏன்னு மேல இருக்கிறவங்களுக்குப் புரியாது. ஆனா பம்ப் பக்கத்துல நிக்கிறவருக்கு உடனே தெரியும். எதிர் அழுத்தம் குறைஞ்சு ஓட்டம் கூடும், இயந்திரம் பாரம் ஏறி முக்கும், அழுத்தமானி முள் இறங்கும். எந்த மாடின்னு கூட முள்ளை வச்சுச் சொல்லிடலாம், பத்து மீட்டருக்கு ஒரு பார். காக்கி_விளக்கு சொன்ன ஆள் அங்கதான் நிக்கிறார்.

காக்கி_விளக்கு · நள்ளிரவு 1:58

பெட்ரோல் எங்கிருந்து வரும்? நிலையத்துப் பம்பும் மின்சாரத்தில்தானே ஓடுகிறது.

பம்ப்ரூம் · நள்ளிரவு 2:11

கார்லேர்ந்து. ஜோகூருக்குப் போக உட்லண்ட்ஸ் வரிசையில நின்ன சிங்கப்பூர் கார் எல்லாத்துலயும் முக்கால் தொட்டி இருக்கணும், அது சட்டம். புதுக் கார்ல ரப்பர் குழாய் விட்டு உறிஞ்ச முடியாது, கழுத்துல தடுப்பு இருக்கும். அடியில எரிபொருள் குழாயைக் கழட்டி வடிக்கணும்.

6லிருந்து 12 வரை 56 வீடு, வீட்டுக்கு 60 லிட்டர், மொத்தம் 3,400ன்னு வைங்க. நிமிஷத்துக்கு 100 லிட்டர்னா அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. வாளி மாத்துற நேரம், சண்டை நேரம் சேர்த்து ஒரு மணி நேரம். பெட்ரோல் ஒன்றரை லிட்டர். ஒரு காரின் 30 லிட்டர் இருபது நாள் தாங்கும். வாளி மாத்துறப்போ மேல் வால்வை முழுசா மூடினா பம்ப் மூடின குழாயைத் தள்ளிட்டு நிக்கும், உள்ளே இருக்கிற தண்ணி சூடாகி சில நிமிஷத்துல, அச்சு வழியா தண்ணி கசியாம தடுக்கிற சீல் உருகிடும். அதனால ஒரு வாளியிலேர்ந்து அடுத்த வாளிக்கு வால்வை மூடாமலே மாத்தணும், கீழே கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். சிந்துறதைப் பிடிக்கத் தட்டு வைங்க.